அப்பாவின் துருத்தில் ஐந்து ஸ்டாப்

எங்கள் அப்பாவுக்கு ஒரு வியாதி உண்டு. வீட்டுக்கு யார் வந்தாலும், வந்தவர் செருப்பைக் கழற்றும் முன்பே, "எங்க துருத்து பாத்திருக்கியளா?" என்று கேட்டுவிடுவார். பார்த்திருக்கிறேன் என்று சொன்னவர் தப்பித்தார் என்று நினைக்க வேண்டாம். "எப்பம் பாத்தது? மழைக்கு முன்னாடியா, பொறவா?" என்று அடுத்த கேள்வி வரும். என்ன பதில் சொன்னாலும் சரி, அப்பாவின் அடுத்த லீவு நாளில் அந்த ஆள் திருப்புறம் தாண்டி ஆற்றங்கரையில் நிற்பார், அப்பா அவரைக் கைபிடித்து வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருப்பார். மீட்டர் பார்க்க வந்த கரண்ட் ஆபீஸ்காரர் ஒருவர் அப்படித்தான் போய்ச் சளி பிடித்துத் திரும்பினார்.

ஆற்றின் நடுவே, நாலு பக்கமும் தண்ணீர் சூழக் கிடக்கும் மண்ணை எங்கள் பக்கத்தில் துருத்து என்போம். நெய்யாறு பூவாரில் கடலைத் தொடும் முன்பு அகன்று காயலாகத் தேங்கும். அங்கே அப்படிப் பல துருத்துகள். அதில் ஒன்றில்தான் அப்பா பிறந்தார். ஒரு முனையில் நின்று தும்மினால் மறுமுனையில் நிற்பவர் "நூறு வயசு" என்று சொல்லலாம், அவ்வளவுதான் நீளம். தென்னை உண்டு, தாழை உண்டு, நண்டு நிறைய உண்டு. கரண்ட் கிடையாது, கடை கிடையாது, ஆளும் கிடையாது. ஆனால் அப்பா பேசுவதைக் கேட்டால் சிலோன் அதற்குத் தம்பி என்று தோன்றும்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். பாறசாலையில் ஏறினால் திருவனந்தபுரம், திருவனந்தபுரத்தில் ஏறினால் பாறசாலை. வருஷக்கணக்காக அதே ரோட்டில் அதே ஊர்களைக் கூவிக் கூவி, அந்தப் பழக்கம் துருத்துக்கும் ஏறிவிட்டது. துருத்தில் பார்க்கவேண்டிய இடங்களை அவர் இடங்கள் என்று சொல்லமாட்டார், ஸ்டாப் என்பார். மொத்தம் ஐந்து ஸ்டாப். கழுத்தில் விசில், தோளில் டிக்கெட் வைத்துத் தேய்ந்துபோன பழைய தோல் பை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் விசில் ஊதி ஆட்களை இறக்குவார். நடந்துதான் வந்திருக்கிறோம், எதிலிருந்து இறங்குவது என்று யாரும் கேட்கக் கூடாது.

முதல் ஸ்டாப் கடவு, அதாவது வள்ளம் அடையும் இடம். அங்கே தண்ணீரின் மேல் படுத்த மாதிரி வளைந்து வளர்ந்த தென்னை ஒன்று உண்டு. வந்தவர்கள் எல்லாரும் அதில் ஒருமுறை உட்கார்ந்தே ஆகவேண்டும். இரண்டாவது கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் இளநீர் போல ஒரு கிணறு என்று அப்பா அளந்துவிட்டு, ஆளுக்கு ஒரு கை குடிக்கக் கொடுத்து, முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்றாவது குடும்ப வீடு. வீடு எந்தக் காலத்திலோ இடிந்துபோய்ப் படிக்கட்டும் தரையும் மட்டும்தான் மிச்சம். அந்தத் தரையின் மூலை ஒன்றைக் காட்டி, "இஞ்சதான் நான் பிறந்தது" என்பார். அவருடைய அண்ணனும் அதே மூலையில்தான் பிறந்தார் என்பதைச் சொல்லமாட்டார். நாலாவது அயினி, அதாவது காட்டுப்பலா மரம். சின்ன வயதில் அதிலிருந்து விழுந்த தழும்பு முழங்காலில் உண்டு. வேட்டியைத் தூக்கிக் காட்டுவார்.

கடைசி ஸ்டாப் துருத்தின் மேற்கு முனை. அதற்கு அப்பா வைத்திருந்த பெயர் மூணு வெள்ளம். அங்கே நின்றால் வலது பக்கம் ஆறு, இடது பக்கம் காயல், நேர் எதிரே மணல்மேட்டுக்கு அப்பால் கடல். மூன்று தண்ணீரும் மூன்று நிறத்தில் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, அந்த இடம் உண்மையிலேயே நன்றாக இருக்கும். அங்கே வந்ததும் அப்பா விசில்கூட ஊதமாட்டார்.

இந்த ரூட்டில் ஏறாத ஒரே ஆள் எங்கள் அம்மா. அம்மா அருமனைக்கும் மேலே, ரப்பர் தோட்டத்து ஓரத்தில் பிறந்தவள். தண்ணீர் என்றால் அவளுக்குக் குடத்தில் இருக்கவேண்டும். கல்யாணமான மறுவாரம் அப்பா அவளைத் துருத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் குறைவு, வள்ளம் கரைவரை போகவில்லை. இறங்கிய முதல் அடியிலேயே புதுப்பெண் பட்டுச்சேலையோடு முழங்கால்வரை சேற்றில் இறங்கிவிட்டாள். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் கரையில் நின்று பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்ததில் அம்மா வந்தாள், ஒரு செருப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அப்பா எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒரே பதில்தான்.

"எனக்க செருப்பு வெளிய வரட்டு. அது வந்தா நான் வாறேன்."

அப்படி இருந்த அம்மாவைத் துருத்துக்குப் போகவைத்தது பெரியப்பா கொண்டுவந்த ஒரு யோசனை. நான் பத்தாம் வகுப்பு படித்த வருஷம் அது, தொண்ணூறுகளின் நடுவில். பெரியப்பா வளைகுடாவிலிருந்து ஓணத்துக்கு லீவில் வந்திருந்தார். துருத்தில் பாதி அவருக்கு, பாதி அப்பாவுக்கு. பெரியப்பாவுக்கு முழுத் துருத்தும் வேண்டும், வேலை முடிந்து வந்தபிறகு அங்கே ஒரு வீடு கட்டி உட்காரவேண்டும். அதற்குப் பதிலாக, பாறசாலையில் மெயின் ரோட்டை ஒட்டி வாங்கிப்போட்டிருந்த வஸ்துவை எங்களுக்கு எழுதித் தருவார். நிலத்தை வஸ்து என்றுதான் சொல்வோம். வெறும் வஸ்து இல்லை, அதன் வாசலிலேயே பஸ் ஸ்டாப்.

அம்மாவுக்கு அந்த பஸ் ஸ்டாப் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியவேண்டுமானால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் இருந்தது வாடகை வீடு. அங்கிருந்து ரோட்டுக்கு வர ஒரு வயல் வரப்பு, ஒரு ஏற்றம், ஒரு ரயில் பாதை எல்லாம் தாண்டவேண்டும். கண்டக்டர் பெண்டாட்டி பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்று ஊரே சிரிக்கும். ஒருதடவை அப்பாவின் பஸ்ஸையே அம்மா தவறவிட்டாள். கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருகிறாள், அப்பா நேரமாகிவிட்டது என்று டபுள் பெல் அடித்துவிட்டார். அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து அம்மாவின் வாழ்க்கையில் ஒரே ஆசை, வீட்டு வாசலில் பஸ் நிற்கவேண்டும்.

நான் முழுக்க முழுக்க அம்மா கட்சி. ரோட்டு வஸ்துவில் வீடு கட்டினால் மாடியில் எந்த அறை எனக்கு என்பதுவரை முடிவு செய்து, பள்ளிக்கூடத்தில் சொல்லியும் வைத்திருந்தேன்.

அப்பா மட்டும் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாவோடு சண்டையும் போடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ ஒரு தடவ வந்து பாரு. அஞ்சு ஸ்டாப்பும் பாரு. பாத்த பொறவும் ரோட்டு வஸ்துதான் வேணும்னு சொன்னா, நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். ஒப்பு போட்டுக் குடுத்திருவேன்."

"பாக்காமலே சொல்லுதேனே."

"பாத்திட்டுச் சொல்லு."

அம்மா யோசித்தாள். "செரி. ஆனா ஒண்ணு. எனக்க கால்ல ஒரு பொட்டுச் சேறு பட்டா, அந்த இடத்துல வச்சே ரோட்டு வஸ்துன்னு சொல்லிருவேன். அத்தானும் கூட வரணும், சாட்சிக்கு."

அத்தான் என்றது பெரியப்பாவை. அவர் லீவு முடிந்து கிளம்பும் முன் திங்கட்கிழமை பத்திரம் எழுத ஏற்பாடு செய்திருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை துருத்துக்குப் போவது என்று முடிவானது. அந்த ஒருநாளில் அப்பாவுக்குத் துருத்து நிற்கும் அல்லது போகும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பூவாரில் ஆறு கடலில் விழும் வாயைப் பொழி என்போம். சில நேரம் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும். மேலே மழை பெய்துகொண்டிருக்கும், தண்ணீர் போக வழியிருக்காது, ஆறு ஏறும், துருத்துகளில் நடக்கும் வழியெல்லாம் முங்கிவிடும். அப்போது பஞ்சாயத்தில் ஆட்களை விட்டு மம்பட்டியால் மணலில் சின்னதாக ஒரு சால் வெட்டுவார்கள். அதற்குப் பெயர் பொழி முறிப்பது. சால் வெட்டினால் போதும், மிச்சத்தை ஆறே பார்த்துக்கொள்ளும். ஏறிய தண்ணீர் எல்லாம் கொஞ்ச நேரத்தில் கடலுக்குப் போய்விடும்.

அந்த ஓணத்துக்குப் பொழி அடைத்துக் கிடந்தது. துருத்தில் வழி முங்கிவிட்டது என்று அப்பா கேள்விப்பட்டார். தினமும் டியூட்டிக்குப் போகும் முன்பு பஞ்சாயத்து மெம்பர் வீட்டு வாசலில் போய் நின்றார். "ஞாயிற்றுக்கிழமை எனக்க வீட்டுக்காரி வாறா. அதுக்கு முன்னாடி பொழி முறிக்கணும்" என்று கெஞ்சினார், மிரட்டினார், மனு எழுதிக்கூடக் கொடுத்தார். மெம்பர் ஒவ்வொரு நாளும் "நோக்காம் அண்ணா" என்றார். நோக்காம் என்றால் பார்க்கலாம் என்று அர்த்தம். பார்க்கலாம் என்றால் நடக்காது என்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பொழி முறிக்கவில்லை. அம்மா கஞ்சிபோட்ட சேலை, புதுச் செருப்பு. பெரியப்பா வெள்ளை பேண்ட், வெள்ளை ஷூ, கறுப்புக் கண்ணாடி, பஸ் முழுக்க அத்தர் வாசனை. நான் மாடி அறையை நினைத்துக்கொண்டு பின்னால். அப்பா மட்டும் தூக்குத்தண்டனைக்குப் போகிறவர் மாதிரி விசிலைக் கையில் பிடித்தபடி வந்தார்.

ஆற்றங்கரையில் வள்ளக்காரர் ஒரு நல்ல சேதி வைத்திருந்தார். "வெள்ளம் நெறஞ்சு கிடக்கு அண்ணா. வள்ளம் நேரா உங்க பழைய வீட்டுப் படிவரைக்கும் போவும். கால நனைக்காம எறங்கலாம்."

அப்பாவின் முகம் பளிச்சென்று மாறியது. "பாத்தியா!" என்றார் அம்மாவிடம். "சேறே இல்ல! கடவுளாப் பாத்து அந்த மெம்பருக்கு மடியக் குடுத்தாரு. நல்ல மனுஷன்!" அந்த வாரம் முழுக்க மெம்பரைத் திட்டியதை மறந்து அவருடைய சோம்பலை வாயாரப் புகழ்ந்தார்.

வள்ளத்தில் உட்கார்ந்ததும் அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நகம் உள்ளே இறங்கியது. வாய்க்குள் எல்லா சாமியையும் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்து மெல்லக் கேட்டாள்.

"அக்கரை வந்துட்டா மக்களே?"

"இன்னும் கயிறு அவுக்கல்லம்மா."

வள்ளக்காரர் சொன்னபடியே வள்ளம் பழைய வீட்டுப் படியில் போய் முட்டியது. அம்மா கண்ணைத் திறந்து, செருப்பைப் பார்த்து, படியைப் பார்த்து, காய்ந்த கல்லில் காலை வைத்து இறங்கினாள். அப்பா விசில் ஊதினார். ஆனால் அடுத்த நிமிஷமே குழம்பிப்போனார். இறங்கியது மூன்றாம் ஸ்டாப். முதல் ஸ்டாப்பைப் பார்க்காமல் மூன்றாம் ஸ்டாப்பில் ஆளை இறக்கி அவருக்குப் பழக்கமில்லை. "மொதல்ல கடவுக்குப் போயிட்டு இங்கோட்டுத் திரும்பி வருவோம்" என்று எங்கள் எல்லாரையும் மேட்டு வழியாக நடத்திக்கொண்டு போனார்.

கடவில் தென்னையின் உச்சி மட்டும் தெரிந்தது. உட்காரும் வளைவு தண்ணீருக்குள். "இதுல எங்க இருக்க?" என்று அம்மா கேட்டாள். "அடியில உண்டு. மனசுல நெனச்சாப் போதும்" என்றார் அப்பா.

கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கொடுத்தார். ஆறு ஏறி அதிலும் கலந்திருந்தது போல, தண்ணீர் கலங்கி இருந்தது. அம்மா ஒரு வாய் குடித்து, வாயிலேயே வைத்துக்கொண்டு, அப்பாவை ஒரு பார்வை பார்த்து, ஒரு தென்னை மூட்டில் துப்பினாள்.

"உப்பு உண்டு."

"உப்பா? இந்தக் கிணத்துலயா? அண்ணா, நீங்க குடிச்சிச் சொல்லுங்க."

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குடித்தார். அவரும் அதே கிணற்றில் வளர்ந்தவர்தான். "கொஞ்சம் உண்டு கேட்டியா" என்றார். அப்பா அவரை எதிரி வக்கீலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வீட்டுத் தரையில் அப்பா பிறந்த மூலையில் வள்ளக்காரர் ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தார். அது அந்த இடத்தை என்ன செய்யக் கூடாதோ அதைச் செய்து வைத்திருந்தது. அப்பா வாய் திறக்கும் முன்பு அம்மா கேட்டாள், "இதுவும் உங்களப் போல இஞ்ச பிறந்ததா?" பின்னால் வந்த வள்ளக்காரர், "ஆமா, போன மாசம்" என்றார். அவர் உண்மையைத்தான் சொன்னார், பாவம்.

அயினி மரத்தடியில் அப்பா வேட்டியைத் தூக்கியதும் அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "இந்தத் தழும்ப நான் வீட்டுல நெதமும் காணுதேன். இதுக்கு வள்ளத்துல ஏறி வரணுமா?"

நாலு ஸ்டாப் முடிந்தது, அம்மா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. காலில் மட்டும் சேறு படவில்லை. நான் மாடி அறைக்கு என்ன நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மிச்சம் இருந்தது மூணு வெள்ளம் மட்டும். முனைக்குப் போகும் முன்பு எங்களை நிறுத்தினார். வேட்டியை இறக்கிவிட்டார், தலையைக் கையால் கோதினார். "கண்ண மூடுங்க. நான் சொல்லும்போ தொறந்தாப் போதும்" என்றார். பெரியப்பாவும் மூடிக்கொண்டார்.

"இப்பம் தொறங்க!"

திறந்தோம். அப்பா தண்ணீருக்கு முதுகைக் காட்டி, எங்கள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து நின்றார். சினிமாவில் சாமி காட்சி கொடுப்பது போல ஒரு நிலை. அவருக்குப் பின்னால் தூரத்தில் ஆட்கள் ஓவென்று கூவும் சத்தம் கேட்டது. அப்பா அதைக் கவனிக்கவில்லை.

"இது ஆறு. இது காயல். அதாக்கும் கடல். மூணு வெள்ளம் சேந்து நிக்குற இடம். இப்படி ஒரு இடம் உலகத்துல வேற எங்கயும் கிடையாது. நல்லாப் பாத்துக்க."

அம்மா நல்லாப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அப்பாவின் காலடியில் இருந்த தண்ணீர் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. ஒரு கல் தெரிந்தது. அப்புறம் இன்னொரு கல். அப்புறம் ஒரு உடைந்த பானை. ஆறு கலங்கி, இரைந்துகொண்டு, கடல் பக்கம் ஓடியது.

"எந்தப் பக்கம் காயல்னு சொன்னிய?" என்று கேட்டாள் அம்மா.

"இந்தப் பக்கம்" என்று அப்பா கைகாட்டித் திரும்பினார். காயல் இருந்த இடத்தில் பாதி சேறு.

"பொழி முறிச்சு!" என்று கத்தினார் வள்ளக்காரர். வள்ளத்தைக் காப்பாற்ற அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்கவேண்டுமே. அதே நேரம் எதிர்க்கரையில் ஒருவர் துண்டை வீசிக்கொண்டு வந்து நின்றார். பஞ்சாயத்து மெம்பர். வாயில் இரண்டு கையையும் குவித்து, ஆறு கேட்கக் கூவினார்.

"அண்ணா! முறிச்சு! ஞாயிற்றுக்கிழமைன்னு சொன்னியளே! சந்தோஷமாச்சா?"

மெம்பர் சந்தோஷமாக இன்னொரு தடவை துண்டை வீசிவிட்டுப் போனார். ஆயுசில் ஒரு தடவை, ஒரு மனுவுக்கு, கேட்ட நாளில் வேலை நடந்திருக்கிறது.

பழைய வீட்டுப் படிக்குத் திரும்பி வந்தபோது வள்ளம் சேற்றில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. படிக்கும் வள்ளத்துக்கும் நடுவே கறுகறுவென்று சேறு. நாற்றம் மூக்கைத் துளைத்தது. வள்ளக்காரர் பீடியைப் பற்றவைத்தார். "இனி வேலியேற்றம் வரணும். கடல்வெள்ளம் உள்ள ஏறினாத்தான் வள்ளம் அனங்கும். சாயங்காலம் ஆவும்" என்றார்.

அப்பா படியில் உட்கார்ந்தார். சேற்றைப் பார்த்தார், அம்மாவின் புதுச் செருப்பைப் பார்த்தார். கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் கலாட்டா செய்யும்போதுகூட அவர் அந்த விசிலைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"அண்ணா, நாளைக்கு நான் ஒப்பு போடுதேன்" என்றார். "இவ அண்ணைக்கே சொன்னா. இது வெறும் சேறுதான். நான்தான் சும்மா கெடந்து..." அதற்குமேல் சொல்லவில்லை.

பெரியப்பா வேறு எங்கோ பார்த்தார். ஜெயித்தவர் முகம் அப்படியா இருக்கும்? ஜெயித்தேன் என்று எனக்கும் குதிக்கத்தான் தோன்றியது, ஆனால் ஏனோ குதிக்க முடியவில்லை. அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"எங்கோட்டுப் போற?" என்று அப்பா திடுக்கிட்டார்.

"எனக்க பழைய செருப்பு இஞ்ச எங்கயோதானே கிடக்கு. வெள்ளமும் இல்ல. தேடட்டு."

"ஏட்டி, விழுந்திருவ!"

முதல் அடியில் முழங்கால்வரை போனாள். "எனக்க தேவியே!" என்று கூவினாள். நான் படியிலிருந்து கையை நீட்டினேன். ஆனால் அவள் வரவில்லை. காலுக்கடியில் எதையோ மிதித்துவிட்டு அப்படியே நின்றாள். கையைவிட்டுத் துழாவினாள். செருப்பாக்கும் என்று நாங்கள் கழுத்தை நீட்டினோம். கையில் வந்தது ஒரு கக்கா. சிப்பிபோல இரண்டு ஓடு மூடிய, பெரிய, கொழுத்த காயல் கக்கா.

அம்மா அதைச் சேலையில் துடைத்துப் பார்த்தாள். மறுபடியும் கையை விட்டாள். இன்னொன்று. பக்கத்தில் விட்டாள். ஒரே பிடியில் நாலு. பாறசாலைச் சந்தையில் இதைக் கூறுகட்டி விற்கிறவளோடு ஒவ்வொரு வாரமும் ஒரு கக்கா கூடப் போடச் சொல்லி மல்லுக்கட்டுகிறவள் எங்கள் அம்மா. இங்கே கேட்க ஆளில்லாமல் காயல் முழுக்கக் கிடக்கிறது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

"என்னத்தப் பாத்துட்டு நிக்குதிய?" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள். "எறங்குங்க! அந்தப் பையத் தாங்க!"

அப்பா பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இது டிக்கெட்டுப் பையாக்கும்..."

"டிக்கெட்டு எடுக்க இஞ்ச ஆரு இருக்கா? தாங்க இஞ்ச!"

நான் இறங்கினேன். அப்பா இறங்கினார். பெரியப்பா கொஞ்ச நேரம் கௌரவமாக நின்றுவிட்டு, வெள்ளை ஷூவைக் கழற்றிப் படியில் ஜோடியாக வைத்து, பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கியதும் அவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. "எலே, அங்க இல்ல, இஞ்சதான் நெறய உண்டு" என்று அப்பாவை அதட்டினார். "எனக்குத் தெரியாதா? நான் இஞ்ச பிறந்தவன்" என்றார் அப்பா. "நான் பின்ன எங்க பிறந்தேன்?" என்றார் பெரியப்பா. இரண்டு பேரும் சேற்றை வாரி எறியாத குறை. வெள்ளை பேண்ட் என்ன நிறம் என்று அவருக்கே தெரியாமல் போனது. அத்தர் வாசனை போன இடம் தெரியவில்லை.

பை நிறைந்தது. அம்மாவின் மடி நிறைந்தது. வள்ளக்காரரின் தண்ணீர் இறைக்கும் சிரட்டைவரை நிறைந்தது. செருப்பு மட்டும் கிடைக்கவில்லை. அம்மா இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். மூக்கில் சேறு, காதில் சேறு, சிரிப்பில் மூச்சு வாங்கியது. அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"இந்த எடத்த எதுக்கு ஸ்டாப்புல சேக்கல்ல?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"அது... வெள்ளத்துக்கு அடியிலயில்லா கிடந்துது" என்றார் அப்பா.

சாயங்காலம் கடல்தண்ணீர் உள்ளே ஏறி வள்ளம் அசைந்தது. ஏறி உட்கார்ந்தோம். அம்மா இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, மடியிலிருக்கும் கக்காவைக் காப்பாற்றுவதில் ஆற்றை மறந்துவிட்டாள். நடு ஆற்றில் வந்தபோது பெரியப்பா தயங்கித் தயங்கித் தொடங்கினார். "அப்பம் நாளைக்குப் பத்து மணிக்கு..."

"அத்தான்," என்றாள் அம்மா, "ரோட்டு வஸ்து உங்களுக்கே இருக்கட்டு. துருத்துல உங்க பாதி உங்களுக்கு, எங்க பாதி எங்களுக்கு."

"அம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வள்ளம் ஆடியது. அப்பா தலையைத் திருப்பி ஆற்றைப் பார்த்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. பெரியப்பா தன் சேற்றுப் பேண்டைப் பார்த்துக்கொண்டு, "அதுவும் நல்லதுதான். பக்கத்துல ஆள் வேண்டாமா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் உட்கார்ந்து கக்கா கழுவினோம். எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒவ்வொரு கக்காவையும் சட்டியில் எறிந்தேன். மாடி அறை போச்சு, பஸ் போச்சு, பள்ளிக்கூடத்தில் என்ன சொல்வேன்?

"இந்தக் கக்காவுக்காகவா ரோட்டு வஸ்துவ வேண்டாம்னு சொன்ன?" என்று கேட்டேன்.

"கக்கா பாறசாலச் சந்தையில கிடைக்காதா?" என்றாள் அம்மா. கையிலிருந்த கக்காவை நிதானமாகத் தேய்த்தாள். வெளியே அப்பா வள்ளக் கதையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், அதற்குள் அலையின் உயரம் இரண்டு மடங்காகியிருந்தது. அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் படியில இருந்து ஒப்பு போடுதேன்னு சொன்னாருல்லா, அப்பம் நீ உனக்க அப்பனுக்க மூஞ்சியப் பாத்தியா? எனக்குச் சகிக்கல்ல. அப்படி ஒரு மூஞ்சியோட ஒரு மனுஷன் வீட்டுக்குள்ள இருந்தா, வாசல்ல பஸ்சு நின்னா என்ன, பிளேனு நின்னா என்ன?"

அதற்குப் பிறகு கக்காவை எறியாமல் போட்டேன்.

பின்னால் நாங்கள் சொந்தமாக வீடு கட்டினோம், ரோட்டிலிருந்து இன்னும் உள்ளே. அம்மா இன்னும் கொஞ்சம் அதிகமாக நடந்தாள், பஸ்ஸைத் தவறவிட்டாள், வழி முழுக்க அப்பாவைத் திட்டினாள். ஆனால் ரோட்டு வஸ்துவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. துருத்துக்கு விருந்தாளிகள் போகும்போது அவளும் போனாள், வள்ளத்தில் ஏறியதும் என் கையில் நகத்தை இறக்கியபடி.

கடைசி ஸ்டாப்பில் அப்பா இப்போது விசிலைத் தூக்கி ஊதுவார். மூன்று தண்ணீரையும் காட்டிவிட்டு, வந்தவர்களிடம் அந்தக் கதையைச் சொல்லுவார். "மெயின் ரோட்டுல வஸ்து, வாசல்ல பஸ் ஸ்டாப்பு. இந்த எடத்துல நின்னு ஒரே ஒரு தடவ பாத்தா. அவ்வளவுதான், ரோட்டு வஸ்து வேண்டாம்னு சொல்லிட்டா. அப்படி ஒரு எடமாக்கும் இது. வேணும்னா அவகிட்டயே கேளுங்க." வந்தவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். அம்மா ஆற்றையும் பார்க்கமாட்டாள், கடலையும் பார்க்கமாட்டாள். நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்வாள்.

"ஓ, பின்னே. பாக்க நல்லாத்தான் இருக்கு."